செவ்வாய்க்கிழமையைக் காணவில்லை

ஏப்ரல் 21, திங்கள்

"எல்லாத்தயும் மண்டைக்குள்ளயே வெச்சுட்டுத் திரியாதடா திரு, எங்கயாவது எழுதி வை" என்று ஷாகுல் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் அவனும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை நடத்துகிறோம். அவன் உக்கடத்தில் தன் வீட்டிலிருந்து கணினித் திரைகளை வரைந்து அனுப்புவான். நான் பீளமேட்டில் என் வீட்டிலிருந்து நிரல் எழுதுவேன். ஆக, இன்று முதல் இந்த டைரி. வேலை விஷயம் மட்டும். வீட்டு விஷயம் ஒரு வரிகூடக் கிடையாது.

முதல் விஷயம். "பாடவேளை" எங்கள் மென்பொருள். எந்த டீச்சர் எந்த வகுப்பில் எப்போது இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கும். இங்கிலீஷில் மூன்று வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி தமிழில் கேட்டது. அங்கே படித்து வெளிநாடு போன ஒருவர் பள்ளிக்கு மேக் கணினிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கும்போது அட்டவணை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இருக்க வேண்டும். போன வாரம் திரையில் உள்ள எல்லா வார்த்தைகளையும் தமிழாக்கி அனுப்பிவைத்தேன். இன்று காலையில் தலைமை ஆசிரியை தெய்வானை கூப்பிட்டார்.

"தம்பி, செவ்வாக்கெழமையக் காணமுங்க."

"காணமுங்களா?"

"திங்க இருக்குது. புதன் இருக்குது. நடுவுல ஆளக் காணம். எம்பட கண்ணாடியத் தொடச்சுட்டுக்கூடப் பாத்துட்டனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க தம்பி. வாரத்துல ஒரு நாள் கொறஞ்சா எல்லா டீச்சரும் சந்தோசப்படுவாங்க. நான் என்ன பண்றது?" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை எங்கேயும் போகவில்லை, புதன்கிழமைக்கு அடியில் இருந்தது.

இப்போதெல்லாம் திரையில் எதையும் "இந்த இடத்தில்" என்று ஆணி அடித்து வைப்பதில்லை. விதிகள் மட்டும் சொல்கிறோம். இது அதற்கு அடுத்து வர வேண்டும், இது இவ்வளவு அகலத்துக்குக் குறையக் கூடாது, இப்படி. எதை எங்கே வைப்பது என்று கணினியே கணக்குப் போட்டுக்கொள்ளும். விதிகள் ஒன்றோடொன்று முட்டினால் ஏதோ ஒன்றை அதுவே உடைத்துவிடும். உடைத்ததைப் பற்றி லாக் என்ற பதிவேட்டில் நீளமாகப் புலம்பி வைக்கும். நான் அந்தப் புலம்பலைப் படிக்காமலே அனுப்பியிருக்கிறேன்.

கிழமைக் கட்டங்களுக்கு "சரியாக இவ்வளவு அகலம்" என்று எழுதியிருந்தேன். இங்கிலீஷ் கிழமைகள் அதற்குள் அடங்கின. "செவ்வாய்க்கிழமை" அடங்கவில்லை. அகலமும் மாறக் கூடாது, எழுத்தும் வெட்டுப்படக் கூடாது என்றால் அது என்ன செய்யும்? "புதன் செவ்வாய்க்கு அடுத்து வர வேண்டும்" என்ற விதியை உடைத்துவிட்டது. புதன் நகர்ந்து வந்து செவ்வாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"சரியாக" என்பதை "குறைந்தது" என்று மாற்றினேன். வாரத்துக்கு ஆறு நாளும் வந்தன.

ஏப்ரல் 24, வியாழன்

சின்ன அறையிலிருந்த என் மேஜையை ஹாலுக்கு மாற்றினோம். காற்றோட்டத்துக்காக.

ஏப்ரல் 28, திங்கள்

இன்றைய புலம்பல் விசித்திரமானது. விடுப்பு எடுத்த டீச்சருக்குப் பதில் ஆள் போடும் விண்டோ. அதில் நான் எழுதாத விதிகளோடு நான் எழுதிய விதிகள் சண்டை போடுகின்றன. நாலு விதி எழுதினால் எட்டு விதி இருக்கிறது. யார் எழுதினார்கள்?

மத்தியானம் வரை மண்டை காய்ந்தது. கடைசியில், பழைய கால ஏற்பாடு ஒன்று. திரையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, "பழைய முறையில் நீயே விதி எழுதிக்கொள்" என்ற சுவிட்ச் தானாகவே போட்டபடி வரும். நாம்தான் அணைக்க வேண்டும். இரண்டு பட்டியல்களில் அணைக்க மறந்திருக்கிறேன். அணைத்ததும் சண்டை நின்றது. இனி இப்படித் தேடி அலையாமல் இருக்க ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர் வைக்க ஆரம்பித்திருக்கிறேன். "புதன்-செவ்வாய்க்குப்-பின்" என்று லாக்கில் வந்தால் பார்த்ததுமே புரியும்.

நடுவில் பெயின்டர் வந்து சின்ன அறையை அளந்தார். என் மனைவி கலாமணி மஞ்சள் தேர்ந்தெடுத்திருந்தாள், எலுமிச்சை மஞ்சள்.

"இந்த ரூம்பு யாருக்குங்க?" என்று அவர் கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குங்க" என்றாள் கலாமணி.

பெயின்டர் ஹாலில் இருந்த என் மேஜையையும் கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பார்த்தார். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நல்ல மனிதர்.

மே 3, சனி

உக்கடத்தில் பஸ் பிடித்துப் பொள்ளாச்சி போனேன். போனில் தெய்வானை டீச்சர் சொன்னதை நம்ப முடியவில்லை. "பொட்டி பெருசாயிட்டே போகுதுங்க தம்பி, நிறுத்த முடியல" என்றார்.

நேரில் பார்த்தேன், உண்மைதான். கோடை விடுமுறை. ஆள் இல்லாத பள்ளி, வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த மைதானம், மின்விசிறிச் சத்தம். டீச்சர் தன் அறையில் உட்கார்ந்து பாடப் பெயரை அடித்தார். "உடற்கல்வியும் நலவாழ்வும்" வரை ஒன்றுமில்லை. "தோட்டக்கலையும் சுற்றுச்சூழல் பராமரிப்பும் (செய்முறை)" என்று அடிக்க அடிக்க விண்டோ எழுத்துக்கு எழுத்து அகலமாகி, திரையைத் தாண்டி வெளியே போனது. "சேமி" பொத்தான் அதோடு போய்விட்டது.

"பாத்தீங்களா? பிடிச்சுக் கட்டி வெச்சாத்தான் நிக்கும்போல."

இரண்டு பேரும் சிரித்தோம். மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது, "எத்தன கொழந்தைங்க தம்பி?" என்று கேட்டார்.

பதினோரு வருடமாக இந்தக் கேள்விக்கு "இல்லீங்க" என்று ஒரே பதில்தான் சொல்லி வருகிறேன். இன்று ஏனோ, "பாக்கலாமுங்க" என்றேன்.

அவர் இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

மே 5, திங்கள்

விதிகளுக்கு வலிமை உண்டு. எண்ணில் சொல்ல வேண்டும். "நான் இருக்கிற அளவிலேயே இருப்பேன்" என்று விண்டோ பிடிக்கும் பிடிவாதத்துக்கு ஐந்நூறு. "என்னை வெட்டாதே" என்று எழுத்து பிடிக்கும் பிடிவாதத்துக்கு எழுநூற்றைம்பது. முட்டினால் எழுத்துதான் ஜெயிக்கும், விண்டோ வளரத்தான் செய்யும். எழுத்துக்கு நானூற்றுத் தொண்ணூறு என்று குறைத்து, ஒரு வரியில் இடம் போதாவிட்டால் மடங்கி அடுத்த வரிக்குப் போ என்றேன். தோட்டக்கலை அடக்கமாக இரண்டு வரியில் நின்றது. ஒரு எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கலாமணி கேட்டாள். ஆமாம் என்றேன். ரவா கேசரி செய்தாள்.

மே 9, வெள்ளி

இன்று வீட்டுக்கு ஒருவர் வந்தார். வேலை விஷயம் இல்லை என்பதால் எழுதவில்லை.

ஆனாலும் ஒன்றிரண்டு. ஷீலா மேடம் என்று பெயர். எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "சண்டை வந்தா யாரு முதல்ல பேசுவீங்க?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு பால்கனிக்குப் போய்க் கம்பிகளுக்கு நடுவில் கை நுழைகிறதா என்று பார்த்தார். போன வாரம்தான் வலை அடித்திருந்தேன், நுழையவில்லை. மஞ்சள் அறையில் நின்று, "ஷெல்ஃப் ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு?" என்றார்.

"எட்டோணுமில்லீங்க?" என்றாள் கலாமணி.

போன பிறகு பார்த்தால், அவருக்காகப் போட்ட போண்டா அப்படியே இருந்தது. பரிமாறவே மறந்திருக்கிறோம். நாங்களே தின்று தீர்த்தோம்.

மே 12, திங்கள்

வேலை நடக்கிறது. போன் வரவில்லை.

மே 14, புதன்

இனி மறைத்து எழுதுவது கஷ்டம். எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கிறோம். ஷீலா மேடம் வந்தது அதற்காக வீட்டைப் பார்க்கத்தான். போன வருடமும் இப்படி ஒரு போன் வந்தது. அடுக்குமாடி முழுக்க ஜிலேபி கொடுத்தோம், தொட்டில் வாங்கினோம். கூட்டிவர வேண்டிய வாரத்தில் அந்தக் குழந்தையின் சொந்தக்காரர் ஒருவர் தானே வளர்ப்பதாகச் சொல்லி வந்துவிட்டார். குழந்தைக்கு அது நல்லதுதான். லிஃப்ட்டில் விசாரித்த ஒவ்வொருவரிடமும் கலாமணி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு இரண்டு வாரம் லிஃப்ட்டில் ஏறவே இல்லை. நாலு மாடி படியேறினாள். தொட்டிலை ஷாகுல் வந்து எடுத்துக்கொண்டு போனான். அதனால்தான் இந்த முறை ஷாகுலைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, டைரிக்குக்கூட.

இன்று பதினொரு மணிக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. திருச்சிப் பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். நாலு வயது. பெயர் அல்லி. படம் அனுப்பினார்கள். இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

கலாமணிக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. அவள் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் கூட்டம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா மகனுக்குப் பருப்புப்பொடி பார்சல் அனுப்பினார், ஒருவர் வெறும் ஒரு ஸ்டாம்ப் வாங்க வந்து பூரா கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"என்னங்க வேணும்?" என்றாள் கலாமணி, நிமிராமல்.

நான் போனைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஓட்டை வழியாகத் தள்ளினேன். பார்த்தாள். பெரிய கண், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, போட்டோ எடுப்பவர்மேல் கோபம்.

எனக்குப் பின்னால் நின்றவர், "ஸ்பீட் போஸ்ட்டுங்க, கொஞ்சம் அவசரம்" என்றார். கலாமணி ஒரு கையால் அவருடைய கவரை வாங்கி எடை போட்டு, ரசீது கொடுத்து அனுப்பினாள். இன்னொரு கையில் போனை விடவில்லை.

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"உன்னயக் கேக்காமயா?"

"இதுல என்னங்க கேக்கறதுக்கு இருக்குது? சொல்லுங்க. இங்க நின்னே சொல்லுங்க."

அங்கே நின்றே சொன்னேன். அடுத்த ஆள் மணியார்டர் அனுப்ப வந்திருந்தார். கலாமணி அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவர் பயந்து, கொண்டுவந்த விலாசத்தை இரண்டு முறை சரிபார்த்தார்.

மே 17, சனி

டீச்சர் போன். "ஆசிரியர் பட்டியல்ல பேரெல்லாம் ஒரு எடத்துல நிக்க மாட்டீங்குதுங்க. நேத்து சரசாம்பா டீச்சரு போட்டோவுக்கு மேல இருந்தாங்க, இன்னிக்குக் கீழ எறங்கிட்டாங்க."

இது முட்டல் இல்லை. விதி போதாமை. லாக்கில் புலம்பலே வராது, அதனால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். மாலை முழுக்கப் பார்த்தேன், பிடிபடவில்லை. இன்று என் கவனமும் அவ்வளவு நன்றாக இல்லை.

மே 20, செவ்வாய்

திருச்சி. அல்லியைப் பார்த்தோம்.

வரவேற்பறையில் எங்களை உட்காரவைத்துவிட்டு, இல்லத்து அம்மா ஒருவர் அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். இடது கால் செருப்பு வலது காலில் இருந்தது. எங்களைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். கலாமணி வாங்கிப்போன சிவப்புப் பந்தை உருட்டிவிட்டாள். அது அல்லியின் காலில் மோதி நின்றது. அவள் அதையும் பார்க்கவில்லை.

"டைம் எடுக்கும்ங்க" என்று அந்த அம்மா காதோடு சொல்லிவிட்டுக் காகிதங்கள் எடுத்துவரப் போனார். வெகு நேரம் வரவில்லை. கலாமணி பேசிப் பார்த்தாள். பேர் கேட்டாள், என்ன சாப்பிட்டாய் என்றாள். அல்லி சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கலாமணியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், கை சும்மா இருக்க முடியாமல், பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தேன். கலாமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ஆசிரியர் பட்டியலைத் திறந்தேன். இந்த மாதிரிப் பிழையைப் பிடிக்க ஒரு வசதி உண்டு. விண்டோவின் மேல் விதிகளை எல்லாம் ஊதா நிறக் கோடுகளாகக் காட்டும். ஏதாவது ஒன்றுக்கு விதி போதாவிட்டால் ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால், "இங்கே நின்றாலும் எனக்குச் சரிதான், அங்கே நின்றாலும் சரிதான்" என்று அது இடம் மாறிக் காட்டும். அழுத்தினேன். சரசாம்பா டீச்சர் போட்டோவுக்குக் கீழே குதித்தார். மறுபடி அழுத்தினேன். மேலே குதித்தார்.

"அது ஏன் குதிக்குது?"

அல்லி என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"எங்க நிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல" என்றேன்.

"நீ சொல்லு."

"எப்படிச் சொல்றதுன்னுதான் தேடறேன்."

"இன்னொருவாட்டி குதிக்க வை."

அழுத்தினேன். சிரித்தாள். வயிற்றிலிருந்து வரும் பெரிய சிரிப்பு, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிரிப்பு. அப்புறம் நான் அழுத்தக் கூடாது, அவள்தான் அழுத்துவாள் என்று ஆகிவிட்டது. மேலே, கீழே, மேலே, கீழே. கலாமணி எங்கள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அல்லி திரும்பிப் பார்த்து, "நீயும் அழுத்து" என்று அவள் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தாள்.

அத்தனை முறை குதித்ததில்தான் ஒன்றைக் கவனித்தேன். பெயர் மேலும் கீழும்தான் போகிறது, பக்கவாட்டில் அசையவே இல்லை. அப்படியானால் குறுக்கே எல்லா விதியும் இருக்கிறது, உயரத்துக்கு மட்டும் இல்லை. போட்டோவின் நடுவோடு பெயரின் நடுவைச் சேர்க்கும் ஒரே ஒரு விதி. பஸ்ஸில் திரும்பி வரும்போது எழுதினேன்.

உடனே சரிசெய்ய மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. குதிக்கும் பழைய பதிப்பை அல்லிக்காக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

மே 24, சனி

ஒரு கையெழுத்து பாக்கி. அதிகாரி விடுப்பில் இருக்கிறாராம்.

கலாமணி துவைத்த திரைச்சீலைகளை மறுபடி துவைத்தாள். நான் கொடியில் காயப்போட்டேன்.

மே 28, புதன்

கையெழுத்து வரவில்லை. "போன வருசம் மாதிரி..." என்று கலாமணி ஆரம்பித்தாள். நான், "இல்ல" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். தெரியாது. இரண்டு பேரும் அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டோம், இரண்டு தோசை அவள், ஐந்து நான். நாளைக்குத் தபால் நிலையத்துக்கு லீவு போடட்டுமா என்று கேட்டாள். போட்டு என்ன செய்வாய் என்றேன். "போனப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்" என்றாள். போகச் சொன்னேன்.

வேலை: எல்லா விண்டோவையும் வரிசையாகத் திறந்தேன், சுருக்கினேன், நீட்டினேன். ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு மடங்கு நீளமாக்கியும் பார்த்தேன். லாக் காலி. ஒரு புலம்பல் இல்லை.

மே 30, வெள்ளி

காலையில் "பாடவேளை" கடைசிப் பதிப்பை டீச்சருக்கு அனுப்பினேன். "எல்லாக் கெழமையும் இருக்குதுங்க தம்பி! திங்கக்கெழமை தொறப்பு. அன்னைக்கு நீங்க இங்க வந்து கூட நின்னீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார். வருகிறேன் என்றேன்.

நாலு மணிக்குத் திருச்சியிலிருந்து போன். கையெழுத்து ஆகிவிட்டது. திங்கட்கிழமை வந்து அழைத்துப் போகலாம்.

கலாமணி அப்போதுதான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஒரு செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "அவ கால் அளவு தெரியாதுங்களே, செருப்பு எப்படி வாங்கறது?" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, பார்த்து, மெதுவாக மூடிக்கொண்டார்.

பிறகுதான் நினைவு வந்தது. டீச்சரைக் கூப்பிட்டேன்.

"திங்கக்கெழம வர முடியாதுங்க டீச்சர்."

"ஏனுங்க தம்பி? உடம்புக்கு என்ன?"

"எங்க பொண்ணக் கூட்டிட்டு வரப் போறோமுங்க" என்றேன். அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. பிறகு முழுக்கச் சொன்னேன்.

 

"அட, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானுங்க!" என்று ஒரு கத்தல் வந்தது. "பொட்டி கெடக்குது போங்க. நான் பாத்துக்கறேன். நீங்க போயிப் பொண்ணக் கூட்டியாங்க. கூட ஆரு போறாங்க?"

"கூட்டாளி ஷாகுல் கார் ஓட்டறானுங்க."

"அவருமா? அப்பப் பொட்டியப் பாக்க ஆளே இல்லீங்களா? செரி செரி. ரெண்டு பேரும் போங்க."

ஜூன் 2, திங்கள்

அல்லி வந்துவிட்டாள்.

கரூர் தாண்டியதும் ஷாகுலின் புதுக் காரில் வாந்தி எடுத்தாள். ஷாகுல், "மாஷா அல்லாஹ், இப்பத்தான் வண்டி நம்ம வண்டி மாதிரி இருக்கு" என்றான். காங்கேயத்தில் நிறுத்தித் துடைத்தோம். மாடுகளைப் பார்த்தாள். அவற்றுக்கு ஏன் இவ்வளவு பெரிய கொம்பு என்று கேட்டாள். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னோம், எதையும் நம்பவில்லை.

நாள் முழுக்க டீச்சரிடமிருந்து போன் வரவில்லை. எல்லாம் நன்றாக நடந்திருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

எல்லாம் நன்றாக நடக்கவில்லை. காலையில் நான்தான் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அச்சடிக்கற பொட்டி தொறந்தா வெறும் கோடாட்டம் வருதுங்க. உள்ள ஒண்ணையும் காணம்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

"அப்ப நேத்து அட்டவணை?"

"திரையப் பாத்துச் சொல்லச் சொல்ல, டீச்சருங்க அத்தன பேரும் அவங்கவங்க வகுப்புல போர்டுல சாக்பீஸ்ல எழுதிப்போட்டாங்க. நான் வராந்தாவுல நின்னு கத்துனேன். தொண்ட கட்டிப்போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே டீச்சர்?"

"நேத்தா? நேத்து உங்களுக்குப் போன் பண்றதுக்கு எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்குது?"

பிறகு அவரே, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டாள் என்றேன். "ரெண்டா! பரவால்லியே" என்றார்.

பிழை சின்னதுதான். அச்சு விண்டோவில் மேல் விளிம்பைப் பிடித்துக் கட்டியிருந்தேன், கீழ் விளிம்பைக் கட்டவில்லை. என் கணினியில் முன்பு நீட்டிவைத்த அளவை அது நினைவில் வைத்திருந்ததால் சரியாகத் தெரிந்திருக்கிறது. புதிதாகத் திறப்பவர்களுக்கு உயரமே இல்லை. ஒரு விதி எழுதி அனுப்பினேன். பத்து நிமிட வேலை, ஆனால் அரை நாள் ஆனது. அல்லி மடியில் உட்கார்ந்து, எதையும் ஒரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டும் என்றாள்.

ஜூன் 5, வியாழன்

ராத்திரி நடுவில் எழுந்து அழுகிறாள். யாரைக் கூப்பிட்டு அழுகிறாள் என்று புரியவில்லை. கலாமணி தூக்கிக்கொண்டு பால்கனியில் நடக்கிறாள். காலையில் எழுந்ததும் இருவருக்கும் ஒன்றும் நடக்காத மாதிரி முகம்.

பகலில் பேச்சுக்குக் குறைவில்லை. "உங்க வீட்டுல பல்லி இருக்கு." "உங்க வீட்டுல ஏன் லைட் மஞ்சளா இருக்கு?" "உங்க வீட்டுல தயிர் புளிக்குது." எல்லாம் எழுதினால் டைரி போதாது. கலாமணி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறாள். தயிர் மாற்றினாள்.

ஜூன் 8, ஞாயிறு

தெய்வானை டீச்சர் வருகிறேன் என்று சொல்லவில்லை. திடீரென்று காலிங்பெல். கலாமணி அடுக்களையில் குருமா கிண்டிக்கொண்டிருந்தாள், நான் குளியலறையில் குழாய்க்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வெளியே வருவதற்குள் அல்லி ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

வாசலில் டீச்சர், கையில் ஒரு பெரிய முறுக்கு டப்பா. பின்னால் சரசாம்பா டீச்சரும் இன்னும் இரண்டு பேரும். திரையில் மட்டுமே பார்த்த முகங்கள். காரை எடுத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்திருக்கிறார்கள்.

அல்லி ஸ்டூலிலிருந்து இறங்கி வாசலை மறித்து, இரண்டு கையையும் நிலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு நீங்க?"

"நாங்க பள்ளிக்கூடத்துலயிருந்து வாறமுங்க. உள்ள வரலாமுங்களா?" என்றார் டீச்சர், மாவட்டக் கல்வி அதிகாரியிடம் பேசுவதுபோல.

அல்லி அவர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்வை காலில் போய் நின்றது.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றாள். "எங்க வீடு இப்பதான் தொடச்சாங்க."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் ஹாலின் நடுவில் வாஷரோடு நின்றேன். நாலு டீச்சர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசையாக, மறுபேச்சு இல்லாமல் செருப்பைக் கழற்றினார்கள்.